மணலில் பதிந்த ஆண்டுகள்

அப்பாவுக்குப் பனை ஏறத் தெரியும் என்பது என்னுடைய 14ஆவது வயதில்தான் எனக்குத் தெரிய வந்தது.

அம்பத்தூரைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் அப்போது பனைகள் நின்றன. ஒரு சித்திரை மாத ஞாயிறு. ஆராதனை முடிந்து கரை வழியாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். தங்கை நுங்கு வேண்டும் என்று அடம்பிடித்தாள். கரையில் காவல் இருந்த பெரியவர், ஏறுகிற ஆள் இன்றைக்கு வரவில்லை என்றார். அப்பா சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். செருப்பை என் கையில் கொடுத்தார். பெரியவரின் அரிவாளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மரத்தடியில் கிடந்த நாரை இரண்டு பாதங்களிலும் மாட்டினார். மரத்தை ஒருமுறை தொட்டுக் கும்பிட்டார். அடுத்த நிமிடம் எங்கள் தலைக்கு மேலே இருந்தார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கல்யாணமாகிப் பதினாறு வருடம். அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இறங்கி வந்தவரிடம், “எப்பப்பா கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன். “அது கெடக்குல, சின்ன வயசுல” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அவர் கணுக்கால்களின் உட்புறத்தில் கறுத்துக் காய்த்துப்போயிருந்த தோலுக்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் விளங்கியது. தினமும் பார்த்த கால்கள்தாம். அந்தக் காய்ப்பைப் பிறவி மச்சம் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவின் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் நாசரேத். கடலோரச் செம்மண் தேரிகளுக்கும் பனங்காடுகளுக்கும் நடுவில், பாலஸ்தீனத்து ஊரின் பெயரைச் சுமந்து நிற்கும் சிறிய ஊர். 19ஆம் நூற்றாண்டின் பெரும் பஞ்ச காலத்தில் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் அங்கே தொடங்கிய தொழிற்பள்ளி, பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு மரவேலை சொல்லிக்கொடுத்தது. அப்பாவும் அங்கே உளி பிடித்தவர். முப்பதை நெருங்கும் வயதில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வந்து, வார்ப்பட ஆலைக்கு மர மாதிரி செய்யும் பேட்டன் மேக்கர் ஆனார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவருடைய 12 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை. தாத்தா எப்போது இறந்தார், மூன்று அத்தைகளை யார் கட்டிக்கொடுத்தார்கள், எத்தனை பனை, எத்தனை பசி. கேட்டபோதெல்லாம் சிரித்தார். கேட்காமல் விட்ட நாட்கள்தான் அதிகம்.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்தில் லூக்கா நற்செய்தியைக் கையில் எடுத்தேன். துக்க வீட்டில் வாசிக்கப் பொருத்தமான பகுதி எதையும் நான் தேடவில்லை. விரல் போன இடத்தில் திறந்தது, இரண்டாம் அதிகாரம்.

பஸ்கா பண்டிகைக்கு எருசலேம் போன குடும்பம். பண்டிகை முடிந்து ஊர்க்கூட்டத்தோடு திரும்பும்போது பையன் கூட்டத்தில் எங்கேயோ வருகிறான் என்று நம்பி ஒருநாள் தூரம் நடந்துவிடுகிறார்கள். பிறகு பதறித் திரும்புகிறார்கள். மூன்றாம் நாள், ஆலயத்தில் பண்டிதர்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறான் 12 வயதுப் பிள்ளை. தாய் கோபப்படுகிறாள். அவன் ஒரு பதில் சொல்கிறான், அது பெற்றவர்களுக்கு விளங்கவில்லை. பிறகு அவர்களோடு நாசரேத்துக்குப் போய் அவர்கள் சொல்கேட்டு வளர்ந்தான், தாய் அத்தனையையும் நெஞ்சில் பொத்தி வைத்துக்கொண்டாள் என்று முடித்துவிடுகிறார் லூக்கா. அடுத்த அதிகாரத்தில் அதே பிள்ளை ஏறக்குறைய 30 வயது ஆளாக யோர்தான் கரையில் நிற்கிறார். நடுவில் 18 ஆண்டுகள் இல்லை. மற்ற மூன்று நற்செய்தியாளர்களிடமும் இல்லை. 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சில் ஏற்றிய புதிய ஏற்பாட்டைப் புரட்டினாலும் சரி, இன்று கைப்பேசியில் திறந்தாலும் சரி, அந்த இடம் அதே இரண்டொரு வரிதான்.

சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை கேட்ட பகுதி. அன்றுதான் அந்த இடைவெளியில் நின்றேன். என் அப்பாவிடம் இருந்த அதே இடைவெளி, ஏறக்குறைய அதே வயதுகள்.

இந்த மௌனத்தைப் பொறுக்க முடியாதவர்கள் ஆதியிலிருந்தே இருந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. நேசிக்கிறவனைப் பற்றி முழுவதும் தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசையிருக்காது? தோமாவின் பெயரில் வழங்கும் பழைய குழந்தைப்பருவக் கதைநூல் ஒன்று உண்டு. திருச்சபை அதை வேதமாக ஏற்கவில்லை. அதில் சிறுவன் இயேசு களிமண்ணில் 12 சிட்டுக்குருவிகள் செய்து கைதட்டிப் பறக்க விடுகிறான். யோசேப்பு கட்டில் செய்யும்போது ஒரு கட்டை நீளம் குறைந்துவிட, பையன் அதைப் பிடித்து இழுத்து நீளமாக்கிக் கொடுக்கிறான். இந்தக் கதையை ஒருமுறை அப்பாவிடம் சொன்னேன். சீவிக்கொண்டிருந்த இழைப்புளியை நிறுத்திவிட்டு யோசித்தார். “கட்டை குறைஞ்சிட்டுன்னா வேற கட்டைதான் எடுக்கணும். அவரும் அப்படித்தான் எடுத்திருப்பாரு” என்றார்.

நம் நாட்டோடு சேர்ந்த கதை இதைவிடப் பெரியது. 1894இல் நிக்கோலஸ் நோட்டோவிச் என்ற ரஷ்யர் பிரெஞ்சு மொழியில் ஒரு புத்தகம் வெளியிட்டார். லடாக்கில் பயணம் செய்தபோது கால் முறிந்து ஹெமிஸ் மடாலயத்தில் தங்க நேர்ந்தது என்றும், அங்கே தலைமை லாமா ‘ஈசா’ என்ற மகானின் வரலாற்றைச் சுவடியிலிருந்து வாசித்துக் காட்டினார் என்றும் எழுதினார். அதன்படி, இயேசு 14 வயதில் வணிகர்களோடு சிந்துவுக்கு வந்தார். ஜகந்நாதத்திலும் ராஜகிருகத்திலும் காசியிலும் வேதம் கற்றார். ஒடுக்கப்பட்டவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததால் பகை தேடிக்கொண்டார். இமயத்தின் அடிவாரத்தில் பௌத்தம் பயின்று 29 வயதில் ஊர் திரும்பினார். அதே ஆண்டு சம்ஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லர் இதை மறுத்து எழுதினார். மறு ஆண்டு ஆக்ராவில் பேராசிரியராக இருந்த டக்ளஸ் என்பவர் ஹெமிஸ் வரைக்கும் போய் மடாதிபதியிடமே கேட்டார். அப்படி ஒரு நூலும் இங்கே இல்லை, யாருக்கும் நான் வாசித்துக் காட்டவும் இல்லை என்று மடாதிபதி சொல்லிவிட்டார். பிறகு 1922இல் ராமகிருஷ்ண மரபின் சுவாமி அபேதானந்தர் அங்கே சென்று, அந்தச் சுவடி தமக்குக் காட்டப்பட்டதாக எழுதினார். எந்த அறிஞர் கையிலும் அந்தச் சுவடி இன்றுவரை வந்து சேரவில்லை.

ஆவடியில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இந்தக் கதையை உயிராக நம்புகிறார். திருநீறு இட்ட நெற்றி, கனிந்த பேச்சு. “உங்க இயேசு எங்க காசிக்கு வந்துட்டுப் போனவருங்க” என்று அவர் சொல்லும்போது அந்தக் குரலில் உரிமை கொண்டாடும் பாசம் இருக்கும். அந்தப் பாசத்தை நான் வணங்குகிறேன். பரங்கிமலையில் தோமா உயிர் விட்டார் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி மலையேறும் ஊர் நம்முடையது. சீடர் கடல் கடந்து வந்தார் என்றால், குரு வந்திருக்கக் கூடாதா என்று ஒரு மனம் கேட்பது இயல்புதான்.

ஆனாலும் என் மனம் ஹெமிஸுக்குப் போக மறுக்கிறது. காரணம் ஆராய்ச்சி மட்டும் அல்ல. இயேசு பிரசங்கியாகத் தன் சொந்த ஊருக்குத் திரும்பி வந்த நாளை மாற்கு எழுதியிருக்கிறார். ஊர் ஜனங்கள் வியக்கிறார்கள், கொஞ்சம் எரிச்சலும் படுகிறார்கள். இவன் நம்ம தச்சன் அல்லவா, இவன் தாய் இன்னார், தம்பிமார் இன்னின்னார், தங்கைகள் இங்கேதானே இருக்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். வெளியூர் போய்த் திரும்பியவனை ஊர் அந்த வெளியூரின் பெயராலேயே கூப்பிடும். எங்கள் ஊரில் சிலோன்காரர் வீடு உண்டு, பம்பாய்க்காரர் வீடு உண்டு. அவர்கள் திரும்பி வந்து நாற்பது வருடம் ஆன பிறகும் பெயர் மாறவில்லை. 15 வருடம் இந்தியாவில் இருந்துவிட்டு வந்தவரைப் பார்த்து நாசரேத்துக்காரர்கள் ‘தச்சன்’ என்று சொல்லியிருக்கமாட்டார்கள். அவர்கள் கண்ணெதிரே, அவர்கள் வீட்டுக் கதவுக்கும் கலப்பைக்கும் கை கொடுத்துக்கொண்டே இருந்தவரைத்தான் அப்படிச் சொல்ல முடியும். அந்த ஊர் வாய்ச்சொல்லைவிட உறுதியான சாட்சி எனக்கு வேண்டாம்.

நாசரேத் அப்போது சில நூறு பேர் வாழ்ந்த குக்கிராமம். பழைய ஏற்பாட்டில் அதன் பெயரே இல்லை. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த தொட்டிகள், குகையோடு ஒட்டிக் கட்டிய வீடுகள். 2009இல் அந்தக் காலத்து வீடு ஒன்றின் சுவர்களை அங்கே தோண்டியெடுத்தார்கள். அதன் அருகே ஒன்றரை மணி நேர நடைத் தொலைவில் செப்போரிஸ் என்ற நகரம். ஏரோது மன்னன் இறந்தவுடன் எழுந்த கலகத்தில் ரோமப் படை அதை எரித்துச் சாம்பலாக்கியது. பிறகு அவன் மகன் அந்திப்பா அதை அழகு பார்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டினான். இயேசு வளர்ந்த ஆண்டுகள் அந்த நகரம் எழுந்த ஆண்டுகள். மாற்கு அவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘தெக்தோன்’. மரவேலைக்காரன் மட்டும் அல்ல, கல்லிலும் கட்டடத்திலும் வேலை செய்கிறவனுக்கும் அந்தச் சொல் பொருந்தும். விடியலில் கருவிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு செப்போரிஸுக்கு வேலைக்கு நடந்த தச்சர் கூட்டத்தில் யோசேப்பும் பிள்ளையும் இருந்தார்களா? நற்செய்திகள் அந்த நகரத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இது என் ஊகம். ஆனால் அந்த நடையை நான் அறிவேன். காலை ஐந்தரை மணிக்குத் திருநின்றவூர், பட்டாபிராம் பக்கத்திலிருந்து வரும் மின்சார ரயில் அம்பத்தூரில் நிற்கும்போது இறங்கும் கூட்டத்தில் அந்த நடை உண்டு. டிபன் டப்பா, தோளில் துண்டு, பேசாத முகம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் உருவானது. அதே 1964 ஜனவரியில் போப் ஆறாம் பவுல் புண்ணிய பூமிக்குப் பயணம் போனார். நாசரேத்தில் நின்று அவர் பேசிய உரை பிரபலமானது. நாசரேத் மூன்றைக் கற்றுத் தருகிறது என்றார்: மௌனம், குடும்பம், உழைப்பு. நான் தென்னிந்தியத் திருச்சபைக்காரன், போப்பின் உரைகளைத் தேடிப் படிக்கிறவன் அல்ல. ஆனாலும் எங்கள் பேட்டையின் முதல் கூரைகள் எழுந்த அதே ஆண்டில், ஒரு வயதான மனிதர் அந்த ஊரில் நின்றுகொண்டு கைத்தொழிலை வணக்கத்துக்குரியது என்று சொன்னது எனக்கு நெருக்கமாக இருக்கிறது. பேட்டையில் வேலை பார்த்த எங்கள் யாருக்கும் அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அப்பா சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆலயக் காட்சிக்குப் பிறகு யோசேப்பு எங்கேயும் வருவதில்லை. அந்த 18 ஆண்டுகளில் ஏதோ ஒரு நாள் அவர் இறந்திருக்க வேண்டும் என்று மரபு நம்புகிறது. அவர் பெயரில் ஒரு காவியமே நம் மொழியில் உண்டு. இத்தாலியில் பிறந்து தமிழனாக வாழ்ந்த வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி, 3,615 பாடல்கள். அதன் தலைவன் இயேசு அல்ல, யோசேப்பு. அவருக்கு ‘வளன்’ என்று பெயர் வைத்தார் முனிவர். வேதத்தில் ஒரு வசனம்கூடப் பேசாத தச்சருக்குத் தமிழ் ஒரு பெருங்காவியம் கொடுத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

தகப்பன் போனால் வீடு மூத்தவன் தலையில். இது நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தம்பிகள், தங்கைகள் என்று மாற்கு சொல்வது உடன்பிறந்தவர்களா, உறவுப் பிள்ளைகளா என்பதில் சபைகளுக்குள் வேறுபாடு இருக்கிறது. எப்படியானாலும் அந்த வீட்டில் பல வாய்கள் இருந்தன. அடுப்பு எரிய வேண்டும், வரி கட்ட வேண்டும், தங்கைகளுக்கு நல்லது செய்ய வேண்டும். உலகத்தை மீட்க வந்தவர் அதற்கு முன்னால் பத்து, பன்னிரண்டு வருடம் ஒரு வீட்டை மீட்டுக்கொண்டிருந்தார் என்று நான் நம்புகிறேன். சிலுவையில் உயிர் போகிற நேரத்தில்கூடத் தாயை ஒரு சீடன் கையில் ஒப்படைத்துவிட்டுத்தானே போனார். அது மூத்த மகனின் பழக்கம்.

அவர் பேசிய பேச்சு முழுவதும் அந்த வருடங்களின் காய்ப்பு இருக்கிறது. அடுத்தவன் கண்ணில் தூசி தேடுகிறவனிடம், உன் கண்ணில் கிடக்கும் உத்திரத்தை முதலில் பார் என்கிறார். மரத்தூள் கண்ணில் விழுந்து, இன்னொருவர் துணி நுனியால் எடுத்துவிட்டு, மறுபடி வேலையில் குனிந்த ஒருவருக்குத்தான் அந்தப் பேச்சு வரும். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்கிறார். கணக்கு தப்பிப் பாதியில் நின்ற கட்டடத்தைப் பார்த்திருப்பார். அஸ்திவாரத்துக்கு ஆழமாகத் தோண்டியவன் வீடு வெள்ளத்தில் நிற்கும், மணலில் கட்டியவன் வீடு விழும் என்கிறார். 2015 டிசம்பர் மழையில், ஏரிகளைத் தூர்த்துக் கட்டிய தெருக்களில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற நாங்கள் அந்த உவமையை வேறு காதுகளோடு கேட்டோம்.

தன் நுகம் கழுத்தை வருத்தாது என்றும் சொன்னார். 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற சபைத் தந்தை, இயேசு கலப்பையும் நுகத்தடியும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். அப்பா கிராமத்துக்காரர். நுகத்தடியை மாட்டின் கழுத்துக்குப் பார்த்து இழைக்க வேண்டும், ஒரு சிலாம்பு நின்றாலும் கழுத்தில் புண் வந்து மாடு வாயில்லாமல் அழும் என்று சொல்லுவார். கழுத்தைத் தடவிப் பார்த்து, திரும்ப இழைத்து, மறுபடி வைத்துப் பார்க்கிற கை. அந்தக் கைதான் பின்னால் தொழுநோயாளியைத் தொட்டது.

எனக்கு மிகவும் நெருக்கமான உவமை திராட்சைத் தோட்டக் கூலிகளுடையது. ஆவடியில் விடியற்காலையில் ஆள் எடுக்கும் முனை ஒன்று உண்டு. கொத்தனார்கள் கரணையும் ரசமட்டமும் வைத்த பையோடு நிற்பார்கள். சித்தாள் பெண்கள் சும்மாட்டுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ஏழு மணிக்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள். ஒன்பது மணிக்கு மேல் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது. வயதானவர்கள், மெலிந்தவர்கள், நேற்றும் இப்படியே நின்றவர்கள். பத்து மணிக்கு ஒரு அம்மா டீக்கடைப் பெஞ்சிலிருந்து எழுந்து, புடவைத் தலைப்பை உதறிவிட்டு, வீட்டுப் பக்கம் நடப்பதை ஒருநாள் பேருந்துக்குள்ளிருந்து பார்த்தேன். அந்த நடையை மறக்க முடியவில்லை. இயேசுவின் கதையில் தோட்டக்காரன் மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளிக்குப் போகிறான். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். கூட்டிப்போய் ஒரு மணி நேர வேலைக்கு முழுநாள் கூலி கொடுக்கிறான். இதைக் கிருபையைப் பற்றிய உபதேசம் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். இருக்கட்டும். ஆனால் யாரும் கூப்பிடவில்லை என்ற அந்தப் பதில் சுவடிகளில் கிடைப்பதில்லை. அதைச் சொன்னவர் அந்த முனையில் நின்றவர், அல்லது நின்றவன் பக்கத்தில் நின்றவர்.

உயிர்த்தெழுந்தவரின் கைகளைப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் தோமா. அவர் பேசிய தழும்புகள் ஆணித் தழும்புகள். சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் போகும்போதெல்லாம் எனக்கு வேறொரு நினைப்பு ஓடும். அந்தக் கைகளில் ஆணி இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே உளி வழுக்கிய கீறல்கள் இருந்திருக்கும். உள்ளங்கையில் வாச்சிப் பிடி காய்த்த காய்ப்பு இருந்திருக்கும். தோமா விரலை நீட்டியபோது அதுவும் கண்ணில் பட்டிருக்கும்.

அப்பாவின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வார்ப்பட ஆலையில் இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால், செய்ய வேண்டிய பொருளை அச்சு அசலாக மரத்தில் செய்வார்கள். அதுதான் பேட்டன். பெரும்பாலும் தேக்கு. இரும்புப் பெட்டிக்குள் அதை வைத்து, ஈரம் கலந்த கறுப்பு மணலை மேலே கொட்டி இடித்து இறுக்குவார்கள். பிறகு பேட்டனைத் தட்டி இளக்கி மெதுவாக வெளியே எடுப்பார்கள். மணலில் அதன் வடிவம் குழியாக நிற்கும். அந்தக் குழிக்குள்தான் இரும்பு போகும். மரம் அடுத்த பெட்டிக்குப் போய்விடும். முடிந்து வரும் பம்பிலோ வால்விலோ ஒரு சிலாம்பு மரம் இருக்காது. ஆனால் ஒவ்வொரு வளைவும் மரம் சொல்லிக்கொடுத்ததுதான்.

அப்பாவிடம் ஒரு எஃகு ஸ்கேல் இருந்தது. சின்ன வயதில் தெரியாமல் அதைப் பள்ளிக்கு எடுத்துப் போய்க் கோடு போட்டேன், எல்லா அளவும் தப்பாக வந்தது. அழுதுகொண்டு வந்து சொன்னேன். அது சாதாரண ஸ்கேல் இல்லை, பேட்டன் ஸ்கேல் என்று மடியில் உட்கார வைத்துக் காட்டினார். ஆறும்போது வார்ப்பிரும்பு சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு ஈடாக, அந்த ஸ்கேலில் ஓர் அடி என்பது உண்மையான ஓர் அடியைவிட அரைக்கால் அங்குலம் கூடுதல். கோடுகள் எல்லாம் அந்தக் கணக்கில் தள்ளித் தள்ளிப் பொறித்திருக்கும். “பின்னால நடக்கப்போறத முன்னாலயே மரத்துல வச்சிரணும்ல” என்றார். பேட்டனின் பக்கங்களுக்கும் மெல்லிய சரிவு கொடுப்பார், வெளியே எடுக்கும்போது மணலைப் பெயர்க்காமல் வர வேண்டும் என்று. அரக்கு பூசி, காய வைத்து, கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். விரலுக்குத் தெரியாதது கன்னத்துக்குத் தெரியும். “மணல்ட்ட எதையும் மறைக்க முடியாது. ஒரு கீறல் இருந்தா அப்படியே காட்டிக்கொடுத்துரும்.”

அந்த 18 ஆண்டுகளை நினைக்கும்போது எனக்கு அந்த மணல் குழி நினைவுக்கு வருகிறது. மரம் எடுக்கப்பட்டுவிட்டது. நாம் எட்டிப் பார்த்தால் வெறும் பள்ளம். ஆனால் அதற்குள் பாய்ந்த மூன்று ஆண்டுகள் எந்த வடிவத்தில் வந்தன என்று உலகமே அறியும். குழந்தைகளிடம் பொறுமை, பசித்தவனைப் பார்த்தவுடன் எழும் தவிப்பு, கூட்டம் துரத்தும்போது தனியே மலைக்குப் போய்விடும் பழக்கம், தோற்றவர்களிடம் பேசும் அந்தத் தாழ்ந்த குரல். 30 வயதில் ஒரே நாளில் இவை வந்து சேராது.

திருநின்றவூர் எங்களுக்கு ஆவடி தாண்டிச் சில ஸ்டேஷன். பூசலார் நாயனாரின் ஊர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டுக் கையில் காசில்லாமல், மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சரை அமர்த்தி, அஸ்திவாரம் போட்டு, சிகரம் வரை கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தவர். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னனும் தன் கற்றளிக்கு நாள் குறித்திருந்தான். கனவில் இறைவன் வந்து, நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார் என்றான். மன்னன் ஊருக்கு வந்து அந்தக் கோயில் எங்கே என்று கேட்கிறான். ஊராருக்குத் தெரியவில்லை. அப்படிக் கோயில் எதுவும் இங்கே இல்லையே என்கிறார்கள். நான் கிறிஸ்தவன். ஆனால் அந்தக் கோயிலுக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். தினமும் பார்க்கிற மனிதருக்குள் எழும்பிக்கொண்டிருந்த கோபுரம் ஊர்க் கண்ணில் படவில்லை என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி மட்டும் அல்ல. நாசரேத்தின் செய்தியும் அதுவே.

2022 மே 15 அன்று ரோமில் நம் தேவசகாயம் பிள்ளையோடு சேர்த்துப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டவர்களில் சார்லஸ் தெ ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரரும் ஒருவர். ராணுவத்தில் இருந்தவர், மொராக்கோவைச் சுற்றி ஆராய்ந்து பெயர் வாங்கியவர். இயேசுவின் அந்த மறைந்த வாழ்க்கையைத் தேடி 1897இல் நாசரேத்துக்குப் போய், கன்னியர் மடம் ஒன்றில் எடுபிடி வேலைக்காரராகச் சேர்ந்தார். தோட்டத்துக் கருவிகள் வைக்கும் கொட்டகையில் தூங்கினார். எதையும் கண்டுபிடிக்கவில்லை, சுவடி எதையும் தேடவும் இல்லை. அந்த வாழ்க்கையை வாழ்ந்தார், அவ்வளவுதான். 18 ஆண்டுகளைப் பற்றி எழுதப்பட்ட எல்லாப் புத்தகங்களையும்விட அந்தக் கொட்டகை எனக்கு அதிகம் சொல்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றுதான் என்னை அடிக்கடி நிறுத்துகிறது. இயேசு யோர்தானில் முழுக்கு எடுத்துக் கரையேறும்போது வானத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. இவர் என் பிள்ளை, இவரால் எனக்கு மகிழ்ச்சி என்ற பொருளில் அந்தக் குரல் பேசுகிறது. அந்த நாள் வரை அவர் ஒரு நோயாளியையும் குணமாக்கியதாக நற்செய்திகள் சொல்லவில்லை. மலைமேல் பிரசங்கம் இல்லை, சீடர்கள் இல்லை, சிலுவை வெகுதூரத்தில் இருக்கிறது. அதற்குள் தகப்பனுக்கு மகிழ்ச்சி. எதைப் பார்த்து? பார்ப்பதற்கு அதுவரை இருந்ததெல்லாம் கதவுகள், நுகத்தடிகள், கூரைச் சட்டங்கள், தாய்க்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த காலைகள்.

அப்பா இறந்து ஒரு வருடம் கழித்து, பேட்டையில் சின்ன வார்ப்பட ஆலை நடத்தும் ஒருவர் போன் செய்தார். “உங்கப்பா செஞ்ச பேட்டன் இன்னும் நம்மகிட்ட ஓடுதுங்க, ஒருநாள் வந்து பாருங்க” என்றார். போனேன். மாலை நேரம். உலை இன்னும் மூட்டவில்லை. தரையெல்லாம் கறுப்பு மணல். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன், இருபது வயதுக்கு மேல் இருக்காது, பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தான். தமிழ் அரைகுறையாகத்தான் பேசினான். அவன் என்ன வேலை செய்கிறான் என்று அவன் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தான். “கம்பெனி வேலைன்னு தெரியும்” என்றான்.

பேட்டனை எனக்குக் காட்டினான். பம்பின் வயிற்றுப் பகுதி. முப்பது வருடத்து அரக்கு ஓரங்களில் உதிர்ந்திருந்தது. மூலைகளில் மணல் ஒட்டியிருந்தது. அப்பாவின் பெயர் எங்கேயும் இல்லை. நான் விரலால் தடவினேன், பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று யோசிக்காமல் கன்னத்தில் வைத்தேன்.

அவன் திரும்ப வாங்கிப் பெட்டிக்குள் வைத்தான். பொடி தூவினான். மணலைச் சலித்துப் போட்டு, முழங்காலில் நின்று இடித்து இறுக்கினான். பெட்டியைப் புரட்டினான். மரத்தில் கம்பியைத் திருகி, சுற்றிலும் சின்னச் சுத்தியால் மென்மையாகத் தட்டினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் நேராக மேலே தூக்கினான். ஒரு மணல் துகள்கூட உதிரவில்லை.